அம்பு விடுறவன் ஒருத்தன், சுமக்கிறவன் யாரு?

பேராண்டி, செப்டம்பர்ல கூட்டாளிக மூணு பேரோட கொலராடோ மலையேறி, வில்லால எல்க் மான் வேட்டையாடப் போறியாமே. உங்க அம்மா சொன்னா. நல்ல காரியம். வில் வந்தாச்சு, அம்பு வந்தாச்சு, இலைதழை அச்சடிச்ச சட்டை வந்தாச்சு, மூஞ்சியில அப்பிக்கிடக் கருப்பு மையும் வந்தாச்சு. இன்ன தேதியில இன்ன மரத்தடிக்கு வந்து நில்லுன்னு அந்த எல்க்குக்கு ஒரு தாக்கல் சொல்லியனுப்பிட்டா வேலை முடிஞ்சது.

தாத்தா கிண்டல் பண்ணுதேன்னு நினைக்காதே. கிண்டல்தான் பண்ணுதேன், ஆனா நினைக்காதே.

தாத்தாவுக்கு வேட்டையில என்ன தெரியும்னு உன் சேக்காளிக கேப்பாக. கொலராடோவுல 1949 சனவரி ஒண்ணாந் தேதியிலயோ அதுக்கு அப்புறமோ பிறந்தவன் எவனா இருந்தாலும் வேட்டைப் பாடம் படிச்சு அட்டை வாங்கினாத்தான் லைசென்சு. நான் அதுக்கு முந்தியே பிறந்துட்டேன். ஆக, படிக்காமலே எனக்கு எல்லாம் தெரியும்னு மாநில சர்க்காரே ஒத்துக்கிட்டிருக்கு. அது போக, உங்க அப்பனும் அவன் ஆளுகளும் மலைக்குப் போன காலத்துல கூடாரத்துல பொங்கிப் போட்டவன் நான். வில்லைத் தொட்டதில்லை. ஆனா தொட்டவனெல்லாம் விடியக்காலம் என்ன பேசிட்டுப் போனான், பொழுதடைய எந்த மூஞ்சியோட திரும்பினான்னு ரெண்டையும் பாக்குறவன் சமையக்காரன் ஒருத்தன்தானே.

முதல்ல அந்த வில்லைப் பத்திச் சொல்லுதேன். கப்பி வச்ச காம்பவுண்டு வில்லு. மிசௌரிக்காரர் ஹோலஸ் வில்பர் ஆலன், வில்லோட நுனியில கப்பியைக் கட்டிப் பாத்து, 1966-ல காப்புரிமைக்கு மனுப் போட்டு, 1969-ல வாங்கினார். அந்த மனுசன் புண்ணியத்துல இப்ப 70 பவுண்டு வில்லை முழுசா இழுத்துட்டா, கையில நிக்கிற பாரம் 15 பவுண்டு கூட வராது. சட்டம் கேக்குறது 35 பவுண்டுதான். நீ 70 வாங்கியிருக்கே. வீடியோவுல வர்ற தாடிக்காரன் 70 வச்சிருக்கான், அதனால வாங்கியிருக்கே. நல்லது. உக்காந்தபடி, வில்லை வானத்துக்குத் தூக்காம, பல்லைக் கடிக்காம, மெதுவா இழுக்க முடியுதான்னு பாரு. முடியலேன்னா 60-க்கு இறக்கிக்கோ. உன் வில்லு எத்தனை பவுண்டுன்னு எல்க் வந்து படிச்சுப் பாக்கப் போறதில்லை.

கொல்லைப்புறத்துல ஸ்பாஞ்சு மானை நிறுத்தி எய்யுறதைச் சன்னல் வழியா பாத்துட்டுத்தான் இருக்கேன். 60 கஜத்துல நெஞ்சுல குத்துது. கெட்டிக்காரன். ஆனா ஸ்பாஞ்சு மான் காலெடுத்து வைக்காதுல்லா? அம்பு நொடிக்கு 280 அடி பாயுதுன்னு சொன்னே. 60 கஜம்னா 180 அடி. அரை நொடிக்கு மேல ஆகும். அந்த அரை நொடியில எல்க் ஒரு எட்டு முன்னால வச்சா, நெஞ்சுக்குன்னு விட்ட அம்பு வயித்துல இறங்கும். அதுக்குச் சாவு ரொம்ப நேரம் இழுத்துக்கிட்டுக் கிடக்கும், உனக்குத் தூக்கம் போயிரும். 30 கஜத்துக்குள்ள, பக்கவாட்டுல நின்னாலோ, கொஞ்சம் அந்தப் பக்கமாச் சாஞ்சு நின்னாலோ, முன்னங்காலுக்குப் பின்னால பாத்து விடு. நேருக்கு நேரா உன்னைப் பாத்து நிக்கிறதை விட்டுரு. பாத்துட்டுப் போகட்டும். அதுக்கும் சொந்தக்காரங்ககிட்டப் போய்ச் சொல்ல ஒரு கதை வேணும்லா.

இன்னொண்ணு. அந்த ஸ்பாஞ்சு மானுக்கு முன்னால நீ எய்யுறப்ப உனக்கு மூச்சு வாங்குறதில்லை. டென்வரே 5,280 அடி உசரம். நீங்க கூடாரம் போடப் போற இடம் 10,000 அடி. ஏறித் திரியப் போறது அதுக்கும் மேல. அங்க ரெண்டு சரிவு ஏறினதுமே நெஞ்சு அடிக்கிற அடியில அம்பு நுனி ஆடும். அதனால பத்துத் தடவை மாடிப்படி ஏறி இறங்கிட்டு வந்து, இளைக்க இளைக்க எய்யு. அக்கம்பக்கத்தார் பாத்துச் சிரிச்சா சிரிக்கட்டும். மலைக்கு ரெண்டு நாள் முந்தியே போயிருங்க, தண்ணியை நல்லாக் குடிங்க. தலைவலியோட வாந்தியும் சேந்து வந்தா வீராப்பு வேண்டாம், கீழே இறங்கிருங்க. மலை எங்கயும் போயிராது.

எல்க்கைப் பத்தி உங்க ஆளுகளுக்கு என்ன தெரியும்? கொம்பு தெரியும். கொம்பு அதுக்கு வருசா வருசம் விழுந்து முளைக்கிறது. அதை நம்பி அது பிழைக்கலை, மூக்கை நம்பித்தான் பிழைக்குது. கண்ணை ஏச்சிரலாம், காதைக் கூடக் கொஞ்சம் ஏச்சிரலாம், மூக்கை ஏய்க்க முடியாது. போன தடவை வந்த ஒருத்தர் வாசனையே இல்லாத சோப்பு, வாசனையே இல்லாத துணிப் பவுடர், வாசனையே இல்லாத அக்குள் மருந்துன்னு ஒரு பெட்டி நிறைய வாங்கிட்டு வந்தார். அதையெல்லாம் போட்டுச் சுத்தமாகிட்டு, விடியக்காலம் நான் பன்னிக்கறி வறுத்த புகைக்குள்ள முக்கால் மணி நேரம் உக்காந்து காப்பி குடிச்சார். அப்புறம் வேட்டைக்குப் போனார். எல்க் அவரை முகர்ந்துச்சோ இல்லையோ, என் சமையலை முகர்ந்திருக்கும்.

காத்து எப்படிப் போகும்னு மட்டும் படிச்சுக்கோ, சோப்புக் காசு மிச்சம். மலையில ராத்திரி குளிர்ந்த காத்து கனத்து, சரிவு வழியா கீழே இறங்கும். விடியற வரைக்கும், விடிஞ்சு கொஞ்ச நேரம் வரைக்கும் அப்படித்தான். அந்நேரம் எல்க் புல்வெளியில மேஞ்சு முடிச்சு மேல காட்டுக்குள்ள படுக்கப் போயிட்டிருக்கும். நீ கீழ இருந்து பின்னால போனா உன் வாடை உன்னோடயே கீழே போயிரும். வெயில் ஏறி மண்ணு சூடானதும் காத்து திரும்பி மேல ஏற ஆரம்பிக்கும். அப்பவும் நீ கீழேயே இருந்தேன்னா, நீ வாறதுக்கு முந்தி உன் வாடை போய் "வாறான், வாறான்"னு சொல்லிரும். அதுக்குள்ள அதுக்குப் பக்கவாட்டுக்கோ மேல் பக்கத்துக்கோ போயிரணும். பொழுது சாயத் திரும்பவும் இறங்கும். இந்த ரெண்டு திருப்பத்துக்கும் நடுவுல காத்து எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம சுத்தும் பாரு, அந்நேரம் எவன் நடந்தாலும் கெட்டான். உக்காந்து ரொட்டி தின்னு. சின்னக் குப்பியில மாவுப்பொடி வச்சு அமுக்கிப் பாக்குறாகள்லா, அது மலிவுச் சாமான். உங்க சாமான்லயே அதுக்குத்தான் புத்தி சாஸ்தி.

அப்புறம் கூவல். செப்டம்பர்ல காளை எல்க் பெட்டைகளைக் கூட்டி வச்சுக்கிட்டு அடுத்த காளைக்குச் சவால் விடும். முதல்ல அடிவயித்துல ஒரு முனகல் கிளம்பும், அது ஏறி ஏறி, எண்ணெய் காணாத கிணத்து ராட்டினம் கிறீச்சிடுற மாதிரி உச்சிக்குப் போய், கடைசியில நாலு உறுமலோட முடியும். முதத் தடவை இருட்டுல அதைக் கேட்டப்ப நான் அடுப்பை விட்டுட்டுக் காருக்குள்ள போய் உக்காந்துக்கிட்டேன். அதே மாதிரி கூவுறதுக்கு இப்பக் குழாய் விக்கிறான், வாய்க்குள்ள வைக்கிற சவ்வு விக்கிறான். உன் சேக்காளி ஒருத்தன் அதை ரெண்டு மாசமா காருக்குள்ள பழகுறானாமே. பழகட்டும். ஒரு காளை எல்க் கூவுதுன்னு ஒரு குரூப் மேட்டுக்கு இந்தப் பக்கமிருந்து கூவும். ஆகா பதில் வருதுன்னு இன்னொரு குரூப் அந்தப் பக்கமிருந்து கூவும். ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் பதுங்கிப் பதுங்கி நெருங்கி, கடைசியில ஒரு புதருக்கு ரெண்டு பக்கமும் எந்திரிச்சு "ஹலோ" சொல்லிக்கிடுவாக. எல்க் எங்கயோ படுத்து அசை போட்டுட்டிருக்கும். செப்டம்பர் நடுவுல கருமருந்துத் துப்பாக்கிக்காரங்களுக்கும் சில நாள் சீசன் உண்டு. நல்லா எல்க் மாதிரியே கூவுறவன் ஒரு ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கிட்டுக் கூவுறது உடம்புக்கு நல்லது.

கூவலுக்கு ரெண்டு ஆள் வேணும். எய்யுறவன் முன்னால, கூவுறவன் அவனுக்கு நாப்பது அம்பது கஜம் பின்னால. சத்தம் வந்த இடத்துல பெட்டை கண்ணுக்குத் தட்டுப்படணும்னு நினைக்கிற தூரத்துல காளை வந்து நின்னு தேடும். அது நிக்கிற இடம் எய்யுறவனுக்கு முன்னால இருக்கும், அதுதான் சூட்சுமம். ஆக, கூவுறவனுக்கு அம்பு விட வாய்ப்பே கிடையாது. மரத்துக்குப் பின்னால உக்காந்து தொண்டை வத்தக் கூவிட்டு, அடுத்தவன் போட்டோவுல ஓரமா நிக்கணும். நாலு பேர்ல யாரு முதல்ல "நான் கூவுதேன், நீ போ"ன்னு சொல்லுதான்னு பாரு. அவனை அடுத்த வருசமும் கூட்டிட்டுப் போ. மத்தவங்களைத் தீபாவளிக்குக் கூப்பிட்டாப் போதும்.

இந்தக் கூட்டாளி விசயத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல வாறது. கொலராடோவுல மூணு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைய எல்க் இருக்கு, அமெரிக்காவுல வேற எந்த மாநிலத்துலயும் இத்தனை கிடையாது. இருந்தும் வில்லெடுத்துப் போற பத்துப் பேர்ல ஒருத்தருக்குத்தான் கிடைக்கும், மிஞ்சிப் போனா ரெண்டு பேருக்கு. மத்த எட்டுப் பேரும் கூட்டாளிகளோட இருந்துட்டுத் திரும்பி வருவாக. அப்ப நீ ராப்பகலாப் பாக்கப் போறது எல்க் மூஞ்சியை இல்லை, அவனுக மூஞ்சியைத்தான். அதுக்கு ஏத்த மூஞ்சியாப் பாத்துக் கூட்டிட்டுப் போகணுமா, வேண்டாமா?

சரி, பட்டுருச்சுன்னே வச்சுக்கோ. அம்பு பாய்ஞ்சதும் நாலு பேரும் கையைத் தட்டிக்கிட்டு ஓடுவீக. ஓடாதீக. உக்காருங்க. நெஞ்சுல பட்டிருந்தாலே அரை மணி நேரம் அசையக் கூடாது. அப்புறம் போய் அம்பைப் பாரு. இளஞ்சிவப்பா நுரையோட ரத்தம் இருந்தா நுரையீரல், பக்கத்துலயே கிடக்கும். கருஞ்சிவப்பா இருந்தா ஈரல், இன்னும் சில மணி நேரம் பொறு. பச்சையா நாத்தமடிச்சா வயிறு, ராத்திரி பூரா விட்டுப் போட வேண்டியிருக்கும். விரட்டினா அது மூணு மைல் போய் எவன் கண்ணுக்கும் படாம சாகும். அந்த அரை மணி நேரம் சும்மா இருக்கத் தெரியாத ஒருத்தன் உங்க கூட்டத்துல இருக்கான். பேரைச் சொல்ல மாட்டேன், ரெண்டு மாசமா காருக்குள்ள கூவுறான்.

கண்டுபிடிச்சாச்சு, போட்டோவும் எடுத்தாச்சு. இனிமேத்தான் வேட்டை ஆரம்பம். வளர்ந்த காளை 300 கிலோவுக்கு மேல நிக்கும். எலும்பெடுத்த கறியே 100 கிலோவுக்குப் பக்கத்துல வரும். கார் நிக்கிற இடம் மூணு மைலுக்கு அப்பால, மேட்டுல. நாலு கால் சப்பை, முதுகுக் கறி, கழுத்துக் கறி, தலை எல்லாமாச் சேந்து அஞ்சாறு சுமை. பகல்ல வெயில் அடிக்கும், தொடை எலும்பை ஒட்டின கறி சூட்டுலயே கெட்டுப் போகும். அதனால உடனே தோலை உரிச்சு, துண்டு போட்டு, துணிப்பையில கட்டி, நிழல்ல காத்தாடத் தொங்கவிடணும். கரடி வரும், கூடாரத்தை விட்டு எட்டத்துல தொங்கவிடு. விடிய விடிய இந்த வேலைதான். இப்பப் பாரு வேடிக்கையை. ஒருத்தனுக்கு முட்டி வலிக்கும். ஒருத்தனுக்கு ஆபீஸ் போன் வரும், சிக்னலே இல்லாத மலையில. ஒருத்தன் "நான் கொம்பைத் தூக்கிக்கிடுதேன்"னு முன்னால நடப்பான். கொம்புதான் பாரம் கம்மி, வழியில எவனாவது எதிர்ப்பட்டா அவன்தான் கொன்னான்னு நினைச்சுக்கிடுவான். தொடைச் சப்பையைப் பேசாம முதுகுல கட்டிக்கிட்டு நடக்கிறவன் எவனோ, அவன் எய்யத் தெரியாதவனா இருந்தாலும் அவன்தான் வேட்டைக்காரன். பாரத்தை நினைச்சுக் கறியைப் போட்டுட்டு வந்துரலாம்னு மட்டும் எவனும் வாயெடுக்கக் கூடாது. தின்னக் கூடிய கறியை வீணாக்குறது அங்க குற்றம். கொம்பை எடுத்துட்டு உடம்பை விட்டுட்டு வந்தா ஜெயில் வரைக்கும் போகும். அதனால, கார் எங்க நிக்குதுன்னு திரும்பிப் பாத்துட்டு அம்பை விடு. கிடுகிடு பள்ளத்துல நிக்கிற எல்க்குக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு மேல ஏறி வந்துரு.

கரடின்னதும் ஞாபகம் வருது. 1979 செப்டம்பர்ல சான் ஹுவான் மலையில எட் வைஸ்மன்னு ஒரு வழிகாட்டி, வில்லு வேட்டைக்காரர் ஒருத்தரை எல்க்குக்குக் கூட்டிட்டுப் போனார். கொலராடோவுல கிரிஸ்லி கரடி கிடையாது, அத்துப் போய் இருபது வருசத்துக்கு மேல ஆச்சுன்னு சர்க்காரே சொல்லிட்டிருந்த காலம். அந்தத் தாக்கல் கரடிக்குப் போய்ச் சேரலை. வந்து வைஸ்மன் மேல பாய்ஞ்சு கடிச்சுக் குதறிருச்சு. மனுசன் கையில கிடைச்ச அம்பை எடுத்து, வில்லு இல்லாமலே குத்திக் கொன்னார். பிழைச்சும் வந்துட்டார். அந்த மாநிலத்துல அதுக்கப்புறம் கிரிஸ்லி இருந்ததா அத்தாட்சி இல்லை. எத்தனை பவுண்டு வில்லுன்னு அவர்கிட்ட எவனும் கேட்டிருக்க மாட்டான். இப்ப இருக்கிறதெல்லாம் கருங்கரடிதான், அதுக்கு உன் மேல ஆசையில்லை, என் சமையல் மேலதான். 2023 டிசம்பர்ல ஓரிகன்ல இருந்து பத்து ஓநாயையும் கொண்டாந்து விட்டிருக்காக. அதுகளுக்கு எல்க்தான் சாப்பாடு, லைசென்சும் தேவையில்லை.

உங்க அம்மா கேட்டா, பாவம் ஒரு உசிரைக் கொல்லணுமான்னு. நாயமான கேள்வி. எங்க கரிசக்காட்டுல நாயை விட்டு முயல் பிடிச்ச காலம் உண்டு. 1972-ல அங்க வனவிலங்குச் சட்டம் வந்து அதுக்கெல்லாம் கடிவாளம் போட்டுச்சு. அதே 1972-ல அமெரிக்காக்காரன் என்ன பண்ணினான் தெரியுமா? வேட்டையை விட்டுட்டு வில்லு மேல வரி போட்டான். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937-லயே சட்டம் இருந்துச்சு, அதுல வில்லையும் அம்பையும் சேத்தான். உன் வில்லு விலைக்குள்ள 11 சதவீத வரி ஒளிஞ்சிருக்கு, அது காட்டு மிருகத்தைக் காப்பாத்தப் போகுது. அதுக்குக் காரணமும் உண்டு. நூறு நூத்திருபது வருசத்துக்கு முந்தி இந்த மாநிலத்துல எல்க்கே அத்துப் போற நிலைமை. கறிக்கும் தோலுக்கும் சுட்டுத் தள்ளினான். மேல்தாடையில இருக்கிற ரெண்டு தந்தப்பல்லைக் கடிகாரச் சங்கிலியில தொங்கவிடுறதுக்காகக் கூடச் சுட்டான். அப்புறம் 1913, 1914-ல யெல்லோஸ்டோன்ல இருந்து 49 எல்க்கை எஸ்டஸ் பார்க்குக்குக் கொண்டாந்து விட்டாக. இன்னைக்கு அதுக வம்சம் செப்டம்பர் மாசம் ஊருக்குள்ள கோல்ஃப் மைதானத்துல படுத்துக் கிடக்கு, கார்க்காரனெல்லாம் நின்னு வழிவிடுதான். பக்கத்துல இருக்கிற தேசியப் பூங்காவுக்குள்ள எவனும் வேட்டையாடக் கூடாது. நீங்க நாலு பேரும் மலை உச்சியில நாக்குத் தள்ளத் தேடுற சாமான், அங்க பஜார்ல புல்லு மேயுது. வேட்டை ஒண்ணும் ஆகலைன்னா திரும்புற வழியில அங்க போய் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. பின்னால கோல்ஃப் கொடி தெரியாம எடுங்க.

கிடைச்சா, தலையைப் பரிசோதனைக்குக் குடுக்க மறந்துராதீக. 1967-ல ஃபோர்ட் காலின்ஸ்ல ஆராய்ச்சிக்கு அடைச்சு வச்சிருந்த மான்கள்ல முதல்ல பாத்த ஒரு சீக்கு இப்ப எல்க்குக்கும் வருது. மூளையை அரிச்சு மெலியவச்சுக் கொல்ற சீக்கு. மனுசனுக்கு ஒட்டினதா நிரூபணம் இல்லை. இருந்தாலும் சீக்குன்னு தெரிஞ்ச கறியைத் திங்காதேன்னு சுகாதாரத் துறைக்காரன் சொல்லுதான், நானும் சொல்லுதேன்.

கடைசியா என் பாடு. இந்தத் தடவையும் சமைக்க வரணும்னு உங்க அப்பன் ஜாடையாக் கேட்டான். வாறேன். பன்னிக்கறி வறுக்க மாட்டேன், விடியக்காலம் கஞ்சிதான், வாசனைக்காரர் கோவிச்சுக்கிட்டாலும் சரி. ஏனம் கழுவ ஒரு ஆள் வேணும், அது கொம்பு தூக்குறவனா இருக்கட்டும். எல்க் விழுந்தா, முதுகெலும்புக்கு உள்பக்கமா ரெண்டு பக்கமும் ஓடுமே, அந்தப் பஞ்சு மாதிரிக் கறி, அது சமையக்காரனுக்கு. நல்லமிளகும் உப்பும் போட்டு, கல்லுல புரட்டி, நானே தின்னுக்கிடுவேன். கறி கைக்கு வந்ததுக்கப்புறம் மனுசன் நியாயம் பேசுவான், அதனால புறப்படுறதுக்கு முந்தியே நாலு பேரும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு என்கிட்டக் குடுத்துருங்க.